கட்டிய மெடிக்ளெய்ம் பிரீமியம் வரியில் கழியுமா? சிறு சுயதொழில்காரர்களின் கணக்கு

மார்ச் மாதம் பிறந்தால் காப்பீட்டு ஏஜென்ட்டுகளின் வாட்ஸ்ஆப் செய்திகள் வரத் தொடங்கும். "31ஆம் தேதிக்குள் மெடிக்ளெய்ம் எடுங்கள், 80டி-யில் 25,000 ரூபாய் வரை வரி மிச்சம்!" மளிகைக் கடைக்காரரும், தையல் கடை வைத்திருப்பவரும், வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்பவரும் அதைப் பார்த்துப் பணம் கட்டுகிறார்கள். அப்புறம் ரிட்டர்ன் போடும் நேரத்தில் ஆடிட்டரிடம் ரசீதை நீட்டினால், "இது உங்களுக்குப் பிரயோஜனப்படாது" என்று ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது.

ஏஜென்ட் சொன்னது முழுப் பொய் கிடையாது. ஆடிட்டர் சொன்னதும் சரிதான். மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கான சலுகை, 80டி என்ற பிரிவாக, வருமான வரிச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் வரி முறை மாறிய விதத்தில், சிறிய சுயதொழில் வருமானம் உள்ளவரின் கைக்கு அது எட்டாமல் போய்விட்டது. எப்படி என்று படிப்படியாகப் பார்க்கலாம். கணக்குகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானவை. 60 வயதுக்கு உட்பட்ட, தொழில் வருமானம் மட்டும் உள்ள ஒருவரை மனதில் வைத்துப் போட்டவை.

முதலில் அந்த விளம்பர வாசகத்தையே திருத்திவிடுவோம். 25,000 ரூபாய் கழிவது வருமானத்திலிருந்து, வரியிலிருந்து அல்ல. பழைய வரி முறையில் (கழிவுகளை அனுமதிக்கும் முறை; புதியதைப் பற்றிக் கீழே வருகிறது) 5 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 25,000 ரூபாய் கழிந்தால் மிச்சமாவது, செஸ் (வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரி) சேர்த்து 1,300 ரூபாய். 20 சதவீத அடுக்கில் 5,200. 30 சதவீதத்தில் 7,800. அவ்வளவுதான்.

தொழில் செலவா, சொந்தச் செலவா?

சுயதொழில் செய்பவருக்கு இயல்பாக எழும் கேள்வி இது: "நான் படுத்துவிட்டால் கடையே மூடிக்கிடக்கும். அப்படியானால் என் மருத்துவக் காப்பீடு தொழில் செலவுதானே? வாடகை, கரண்ட் பில் மாதிரி இதையும் லாபத்திலிருந்து கழிக்கக் கூடாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் வருமான வரிச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒருவர் சம்பாதித்த பணத்திலிருந்து கழிவுகள் இரண்டு கட்டங்களில் வருகின்றன.

1. முதல் கட்டம், தொழில் லாபத்தைக் கணக்கிடும்போது. கடை வாடகை, ஆள் சம்பளம், சரக்கு, வண்டிச் செலவு எல்லாம் இங்கே கழியும். தொழிலுக்காகவே செய்த செலவாக இருக்க வேண்டும். சொந்தச் செலவுக்கு இங்கே இடமில்லை.

2. இரண்டாம் கட்டம், எல்லா வருமானத்தையும் கூட்டிய பிறகு. பிஎஃப், எல்ஐசி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் போன்றவற்றுக்கான 80சி, மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி ஆகியவை இங்கே வருகின்றன.

தனி உரிமையாளராகத் தொழில் நடத்துபவரின் குடும்ப மெடிக்ளெய்ம் இரண்டாம் கட்டத்தில்தான் வரும். கடையின் கரண்ட் அக்கவுண்ட்டிலிருந்து பிரீமியம் போனாலும், ரசீதைக் கடையின் பெயரில் வாங்கினாலும் இது மாறாது. சட்டத்தின் பார்வையில் கடையும் கடைக்காரரும் ஒரே ஆள். தனக்குத் தானே முதலாளியாக இருக்கலாம், தனக்குத் தானே தொழிலாளியாக இருக்க முடியாது.

கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் காப்பீட்டின் கதை வேறு. ரொக்கமாக இல்லாமல் கட்டினால் அது முதல் கட்டத்திலேயே தொழில் செலவாகக் கழியும். ஆக, கடைப் பையனுக்குக் கட்டும் பிரீமியம் தொழில் செலவு, முதலாளி தனக்குக் கட்டும் பிரீமியம் தொழில் செலவு இல்லை. கேட்கும் எல்லாருக்கும் விசித்திரமாகப் படும் இடம் இது.

80டி என்ன தருகிறது

தனக்கும், கணவன் அல்லது மனைவிக்கும், தன்னைச் சார்ந்த பிள்ளைகளுக்கும் கட்டும் பிரீமியத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கழிக்கலாம். அந்தக் குடும்பத்தில் ஒருவர் 60 வயதைத் தாண்டியிருந்தால் 50,000 வரை. பெற்றோருக்குத் தனியாக இன்னொரு 25,000. அவர்களில் ஒருவர் மூத்த குடிமகனாக இருந்தால் 50,000. பெற்றோர் நம்மைச் சார்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மாமனார், மாமியார், அண்ணன், தங்கை இந்தப் பட்டியலில் வர மாட்டார்கள்.

நோய் வருமுன் செய்யும் முழு உடல் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை இதே வரம்புக்குள் காட்டலாம். பரிசோதனைக்கு மட்டும் ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. பிரீமியம் ரொக்கமாகக் கட்டப்பட்டிருந்தால் செல்லாது. ஏஜென்ட்டின் கையில் நோட்டாகக் கொடுத்து, அவர் தன் கணக்கிலிருந்து ஆன்லைனில் கட்டிவிடும் பழக்கம் நம் ஊரில் நிறைய உண்டு. ரசீது உங்கள் பெயரில் வந்தாலும், உங்கள் கணக்கிலிருந்து பணம் போனதற்கு ஆதாரம் இருக்காது. விசாரணை என்று வந்தால் அங்கேதான் மாட்டும்.

மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டினால் தொகையை மூன்றாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பங்காகத்தான் கழிக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: சர்க்கரை, இதய நோய் என்று காரணம் சொல்லி எந்த நிறுவனமும் பாலிசி தர மறுத்த 60 வயது தாண்டிய பெற்றோர் இருந்தால், அவர்களுக்கு ஆகும் மருத்துவச் செலவையே 50,000 ரூபாய் வரை 80டி-யில் காட்டலாம். அவர்கள் பெயரில் காப்பீடு இருக்கக் கூடாது, செலவு ரொக்கமாக இருக்கக் கூடாது.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டின் பழைய வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதில் 80டி-க்கு 126 என்று எண் மாறுகிறது. பேச்சு வழக்கில் 80டி என்ற பெயர் அத்தனை சீக்கிரம் போகாது என்பதால் இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

உத்தேச லாபம் காட்டுபவர்களுக்கு

சிறு வியாபாரிகளில் பெரும்பாலானோர் கணக்குப் புத்தகம் எழுதுவதில்லை. அவர்களுக்காக இருப்பது 44ஏடி என்ற சட்டப் பிரிவு. விற்றுமுதல் 2 கோடிக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேல் போகவில்லை என்றால் 3 கோடி வரை), விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டிவிடலாம். வங்கி, யுபிஐ வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதம் போதும். டாக்டர், வக்கீல், கட்டட வடிவமைப்பாளர், கணக்காளர் போன்ற குறிப்பிட்ட தொழில்முறையாளர்களுக்கு 44ஏடிஏ. வரவில் பாதியை லாபமாகக் காட்ட வேண்டும். (கமிஷன் வருமானத்துக்கு 44ஏடி கிடையாது. அதனால் நமக்கு 80டி-யைச் சொல்லிப் பாலிசி விற்கும் ஏஜென்ட்டுக்கே இந்தச் சுலப வழி இல்லை.)

இந்த முறையில் எல்லாத் தொழில் செலவும் ஏற்கெனவே கழிந்துவிட்டதாகக் கணக்கு. எனவே கடைப் பையனுக்குக் கட்டிய பிரீமியத்தைத் தனியாகக் கழிக்க முடியாது. ஆனால் 80டி இரண்டாம் கட்டத்தைச் சேர்ந்தது என்பதால் 44ஏடி அதைத் தடுக்கவில்லை. "உத்தேச லாபம் காட்டினால் 80டி கிடையாது" என்று சிலர் சொல்வது தவறு. தடை வேறு இடத்திலிருந்து வருகிறது.

புதிய வரி முறை போட்ட பூட்டு

2020-21 நிதியாண்டில் புதிய வரி முறை விருப்பத் தேர்வாக வந்தது. வரி விகிதம் குறைவு, பதிலுக்கு 80சி, 80டி போன்ற கழிவுகள் கிடையாது. 2023-24 முதல் அதுவே இயல்பான முறை ஆனது. பழையது வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். 2025-26 முதல், புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரியே இல்லை. சம்பளக்காரர்களுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் சேர்ந்து 12.75 லட்சம் வரை. சுயதொழில்காரருக்கு அந்த 75,000 கிடையாது, எனவே 12 லட்சம்.

இதை மூன்று வருமானங்களில் பொருத்திப் பார்க்கலாம். ஆட்கள் கற்பனை, கணக்கு நிஜம்.

மதுரையில் ஒரு மளிகைக் கடை. ஆண்டு விற்பனை 40 லட்சம், அதில் பாதி யுபிஐ. 20 லட்சத்துக்கு 6 சதவீதம் 1.2 லட்சம், மீதி 20 லட்சத்துக்கு 8 சதவீதம் 1.6 லட்சம், மொத்த லாபம் 2.8 லட்சம். குடும்ப மெடிக்ளெய்ம் 24,000 ரூபாய். புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. பழைய முறையிலும் 5 லட்சம் வரை தள்ளுபடி உண்டு. எப்படிப் போட்டாலும் வரி பூஜ்யம். பிரீமியத்தைக் கழித்தாலும் பூஜ்யம், கழிக்காவிட்டாலும் பூஜ்யம்.

திருப்பூரில் ஜாப் ஒர்க் தையல் யூனிட். லாபம் 9 லட்சம். புதிய முறையில் 30,000 ரூபாய் வரி வந்து, தள்ளுபடியில் முழுவதும் போய்விடும். "நான் 80டி வாங்கியே தீருவேன்" என்று பழைய முறைக்குப் போனால், 80சி-யில் முழு 1.5 லட்சமும் 80டி-யில் 25,000-மும் கழித்த பிறகு 7.25 லட்சம் நிற்கும். வரி 57,500, செஸ் சேர்த்தால் 59,800. அதாவது கழிவைக் கேட்டு வாங்கினால் 59,800 ரூபாய் கட்ட வேண்டும், கேட்காமல் இருந்தால் ஒன்றும் கட்ட வேண்டாம்.

கோவையில் ஒரு கட்டட வடிவமைப்பாளர். வரவு 28 லட்சம், பாதி லாபம் 14 லட்சம். புதிய முறையில் வரி 90,000, செஸ்ஸோடு 93,600. பழைய முறையில் அதே அளவுக்கு வரியைக் குறைக்க 5,12,500 ரூபாய் கழிவு வேண்டும். 80சி 1.5 லட்சம், தனக்கும் மூத்த குடிமக்களான பெற்றோருக்கும் சேர்த்து 80டி 75,000, என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) 50,000, வீட்டுக் கடன் வட்டி 2 லட்சம் என எல்லாவற்றையும் உச்சவரம்பு வரை நிரப்பினாலும் 4,75,000-தான். இன்னும் 37,500 குறைகிறது.

இதைப் பொதுவாக இப்படிச் சொல்லலாம். வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் 80டி-யால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. 12 லட்சத்தைத் தாண்டினால், வருமானத்தைப் பொறுத்துக் குறைந்தது ஏறக்குறைய 4.8 லட்சம் கழிவு இருந்தால்தான் பழைய முறை பக்கம் திரும்பிப் பார்ப்பதில் அர்த்தம். 20 லட்சம் வருமானத்தில் அந்தத் தேவை 7 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. சம்பளக்காரருக்காவது வீட்டு வாடகைப் படி என்ற பெரிய கழிவு இருக்கிறது. சுயதொழில்காரருக்கு அது இல்லை. வாடகைக்குக் கிடைப்பது 80ஜிஜி பிரிவில் அதிகபட்சம் ஆண்டுக்கு 60,000.

அரசு 80டி-யை ரத்து செய்யவில்லை. அதைச் சுற்றியிருந்த பாதைகளை மாற்றியதில் சலுகை தனியாக நின்றுவிட்டது. 12 லட்சம் வரை வரியே இல்லை என்பது நல்ல செய்திதான், மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதில் ஒரு விளைவு ஒளிந்திருக்கிறது: காப்பீடு எடுத்தவரும் எடுக்காதவரும் ஒரே வரிதான் கட்டுகிறார்கள். சொந்தக் காசில் பாலிசி எடுப்பவருக்கு அரசு கொடுத்துவந்த சிறு தூண்டுதல், அது மிகவும் தேவைப்பட்ட வருமானக்காரர்களிடம் இல்லாமல் போனது.

படிவம் 10-ஐஇஏ: போனால் ஒரு தடவை

சம்பளக்காரர் ஆண்டுக்கு ஆண்டு பழையது, புதியது என்று மாற்றிக்கொள்ளலாம். தொழில் வருமானம் உள்ளவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பழைய முறைக்குப் போக, ரிட்டர்ன் கெடு தேதிக்குள் படிவம் 10-ஐஇஏ தாக்கல் செய்ய வேண்டும். தேதி தவறினால் அந்த ஆண்டு தானாகவே புதிய முறை. பழைய முறையிலிருந்து ஒருமுறை புதியதற்குத் திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும் வரை மறுபடியும் பழையதற்குப் போக முடியாது.

அதனால் ஒரே ஒரு ஆண்டில் பிரீமியமும் ஆஸ்பத்திரிச் செலவும் அதிகம் என்பதற்காக அவசரப்பட்டுப் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது. வீட்டுக் கடன் இன்னும் எத்தனை வருடம், லாபம் எங்கே போய் நிற்கும் என்று சில ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்த்துத்தான் இந்தச் சீட்டை எடுக்க வேண்டும்.

இணையத்தில் படித்தது ஏன் பொருந்தவில்லை

"சுயதொழில் செய்பவர் பிரீமியத்தை முழுவதும் கழிக்கலாம்" என்று எங்கோ படித்ததாகச் சிலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் அமெரிக்கச் சட்டம். அங்கே 1986ஆம் ஆண்டுச் சட்டம் 25 சதவீதத்தில் தொடங்கி, 2003 முதல் பிரீமியம் முழுவதையும் கழிக்கும்படி ஆனது. ஆனால் அந்தத் தொழிலில் வந்த நிகர லாபத்துக்கு மேல் கழிக்க முடியாது. ஆண்டுக்கு 3,000 டாலர் லாபம் தரும் பகுதிநேரத் தொழில் வைத்திருப்பவர் 7,000 டாலர் பிரீமியம் கட்டினாலும், கழிவு அந்த 3,000-க்குள்தான். அங்கே சுயதொழில்காரர் சமூகப் பாதுகாப்புக்காகக் கட்டும் சுயதொழில் வரியில் ஒரு பாதியும் அந்த லாபத்திலிருந்து முதலிலேயே கழிந்துவிடும். தொழில் நஷ்டம் என்றால் ஒன்றுமில்லை. கணவனோ மனைவியோ வேலை பார்க்கும் நிறுவனம் பங்கு கொடுத்து நடத்தும் காப்பீட்டில் சேரத் தகுதி இருந்தால், சேராவிட்டாலும் அந்த மாதங்களுக்குக் கழிவு கிடையாது. எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரின் குடும்பத்தாருக்கான விசா) வேலை அனுமதி பெற்று நடன வகுப்போ கேட்டரிங்கோ நடத்தும் நம் ஊர்ப் பெண்கள் பலர் இடறுவது இந்த விதியில்தான்.

எதிரெதிரான இரண்டு வடிவங்கள் இவை. அமெரிக்காவில் கழிவு லாபத்தின் அளவில் முட்டி நிற்கிறது. இந்தியாவில் 25,000 என்ற வரம்புக்கு லாபத்தோடு சம்பந்தமில்லை, ஆனால் லாபம் சிறிதாக இருந்தால் கழிக்க வரியே இல்லை.

அப்படியானால் மிச்சம் எங்கே இருக்கிறது

1. யார் கணக்கிலிருந்து போகிறது என்பது முக்கியம். கடை வைத்திருக்கும் அப்பா கட்டினால் பூஜ்யம் என்ற அதே பிரீமியம், பழைய முறையில் 30 சதவீத அடுக்கில் இருக்கும் மகனோ மகளோ கட்டினால் பலன் தரும். 60 வயது தாண்டிய பெற்றோருக்கு 46,000 ரூபாய் பிரீமியம் என்றால், கட்டும் பிள்ளைக்குச் செஸ் சேர்த்து 14,352 ரூபாய் மிச்சம். பணம் பிள்ளையின் கணக்கிலிருந்தே நேராகப் போக வேண்டும். திருமணமான மகளும் தன் பெற்றோருக்குக் கட்டலாம். புதிய முறையில் இருக்கும் பிள்ளைக்கு இதிலும் ஒன்றுமில்லை, முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதற்கு முன் 18 சதவீதம். 20,000 ரூபாய் பிரீமியத்துக்கு 3,600 ரூபாய் குறைகிறது. வரி கட்டுபவர், கட்டாதவர், பழைய முறை, புதிய முறை என்ற பேதமே இதில் இல்லை. 5 சதவீத அடுக்கில் 80டி தந்த 1,300 ரூபாயோடு ஒப்பிட்டால் சிறு வியாபாரிக்கு இதுதான் பெரிது. ஒரு கொக்கி உண்டு: வரிவிலக்கு வந்ததால் காப்பீட்டு நிறுவனங்கள் தாங்கள் வாங்கும் பொருள், சேவைகளுக்குக் கட்டும் ஜிஎஸ்டியை (உள்ளீட்டு வரி) திரும்பப் பெற முடியாது. அந்தச் சுமையை அடிப்படை பிரீமியத்தில் ஏற்றுகிறார்களா என்பதை, புதுப்பிக்கும்போது போன வருட ரசீதை ஜிஎஸ்டி நீக்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். குழுக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் தொடர்கிறது.

3. கம்பெனி ஆரம்பித்தால்? பிரைவேட் லிமிடெட் என்றால் இயக்குநரும் ஊழியராக முடியும். அவருக்கான குழுக் காப்பீடு கம்பெனியின் செலவாகும், அவர் கையில் வரியும் விழாது. உண்மைதான். ஆனால் 25,000 ரூபாய் பிரீமியத்துக்காக ஆண்டுதோறும் தணிக்கை, கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல், அதற்கான கட்டணம் என்று இழுத்துப்போட்டுக்கொள்வது சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.

பழைய முறையில் நிஜமாகவே லாபம் இருக்கும் சிலருக்கு ஒரு குறிப்பு: ரிட்டர்னில் 80டி காட்டும்போது காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் கேட்கப்படுகின்றன. வாய்க்கு வந்த தொகையைப் போட்டுவிட்டு வந்த காலம் முடிந்தது.

நடுவில் நிற்பவர்

தமிழ்நாடு அரசின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பிரீமியம் எதுவும் கட்டாமல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு), மாதம் 21,000 வரை சம்பளம் வாங்கும் ஊழியர்களுக்கு. சொந்தமாகக் கடை வைத்திருப்பவர் அதில் சேர முடியாது.

மேலே பார்த்த மதுரைக் கடைக்காரரை இங்கே மறுபடி நிறுத்திப் பாருங்கள். ரிட்டர்னில் 2.8 லட்சம் காட்டுகிறார், எனவே முதலமைச்சர் திட்டத்துக்கு வருமானம் அதிகம். முதலாளி என்பதால் இஎஸ்ஐ இல்லை. வரி வரவில்லை என்பதால் 80டி-யால் பயனில்லை. 1.2 லட்சத்துக்கு மேல், 12 லட்சத்துக்குள் சம்பாதிக்கும் சுயதொழில்காரர்கள் எல்லாரும் நிற்பது இந்த இடைவெளியில்தான். ஒரு பைபாஸ் ஆபரேஷன் என்றால் கடையின் முதலே கரைந்துபோகக் கூடியவர்களும் இவர்கள்தான். அந்த 24,000 ரூபாயில் இவருக்கு இதுவரை அரசு விட்டுக்கொடுத்திருப்பது ஜிஎஸ்டி ஒன்று மட்டுமே. எனவே பாலிசியைத் தேர்ந்தெடுக்கும்போது இவர் பார்க்க வேண்டியது வேறு: அறை வாடகைக்கு வரம்பு இருக்கிறதா, ஏற்கெனவே உள்ள நோய்க்கு எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் சிகிச்சை பெற முடியுமா. இவற்றுக்கு மார்ச் 31 என்ற கெடு எதுவும் கிடையாது.